உடைவதற்கு முன்பே அறுக்கத் தெரிந்திருக்க வேண்டும்

கேள்வி: நான் பல் மருத்துவத்தில் இளநிலைப் பட்டம் பெற்று, ஆறு ஆண்டுகளாகக் கம்பத்தில் தனியாக கிளினிக் நடத்தி வருகிறேன். என்னிடம் வருவோரில் பாதிப்பேர் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் போய்வரும் பெண்கள். குமுளிப் பக்கத்திலிருந்து மலையாளம் பேசுவோரும் வருகிறார்கள். சென்ற மாதம் தோட்ட வேலைக்குப் போகும் ஓர் அம்மாவுக்குக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப்பல்லை எடுக்க முயன்றேன். எங்கோ வேர் சிகிச்சை செய்து, கேப் போடாமல் விட்ட பல். தலைப்பகுதி நொறுங்கி, வேர்கள் இரண்டும் உள்ளேயே நின்றுவிட்டன. ஒன்றேகால் மணி நேரம் போராடிவிட்டுத் தேனிக்கு அனுப்பினேன். அவருக்கு மூன்று நாள் கூலி போயிற்று. இப்போது அறுவை முறையில் பல் எடுப்பதற்கான மூன்று நாள் செய்முறைப் பயிற்சி வகுப்புகள் பற்றி விளம்பரங்கள் வருகின்றன. கேரளத்தில் நடக்கும் ஒன்றில் நோயாளிகளிடமே ஞானப்பல் எடுக்கக் கற்றுத்தருவதாகச் சொல்கிறார்கள். மற்றொன்றில் மாதிரித் தாடைகள் மட்டும். இளநிலைப் பட்டம் மட்டுமே உள்ள நான் இதைச் செய்யலாமா? எதில் சேர்வது? மூன்று நாள் போதுமா?

பதில்:

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் மூன்று கேள்விகளில் முதலாவதை விரைவாக முடித்துவிடலாம். ஈறைத் திறந்து, எலும்பைச் சிறிது நீக்கி, பல்லைத் துண்டாக்கி எடுப்பது இளநிலைப் பாடத்திட்டத்தில் உள்ளதுதான். மாநிலக் கவுன்சிலில் பதிவு பெற்ற ஒரு பல் மருத்துவர் அதைச் செய்வதற்குச் சட்டம் தடை போடவில்லை. ஆனால் மூன்று நாள் வகுப்பில் தரும் சான்றிதழ் பதிவுக்குரிய தகுதி ஆகாது. பெயர்ப்பலகையில் பட்டத்துக்குப் பக்கத்தில் அதை எழுதிவிடாதீர்கள். மருத்துவ சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. வழக்கு என்று வந்துவிட்டால் உங்கள் சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்குகிறது என்று யாரும் எண்ணப் போவதில்லை. ஒரு பொறுப்புள்ள மருத்துவர் காட்டும் கவனத்தோடு செய்தீர்களா, நோயாளிக்கு முன்பே சொன்னீர்களா, எழுதி வைத்தீர்களா என்றுதான் கேட்பார்கள்.

இனி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பல்லுக்கு வருகிறேன். வேர் சிகிச்சை செய்து கேப் போடாத கீழ்க் கடைவாய்ப்பல் பல் பிடுங்கும் குறடான ஃபோர்செப்ஸின் பிடியில் நொறுங்கியதில் வியப்பே இல்லை. உள்ளே குடைந்ததில் அதன் சுவர்கள் மெலிந்திருக்கும். முன்வேர் பெரும்பாலும் பின்னோக்கி வளைந்திருக்கும். பின்வேர் தனக்கென்று ஒரு திசையில் நிற்கும். இரண்டு வேருக்கும் வெளியே வரும் வழி வேறு வேறு என்னும்போது இரண்டையும் சேர்த்துப் பிடித்து இழுப்பது, கவட்டைக் கொம்பைச் சுவர் ஓட்டைக்குள்ளிருந்து அப்படியே உருவப் பார்ப்பதைப் போன்றது. கவட்டையை நடுவில் பிளந்துவிட்டால் ஒவ்வொரு கிளையும் தன் வழியில் வந்துவிடும். அன்று உங்கள் கை தவறவில்லை, முடிவெடுப்பதில்தான் தாமதமாயிற்று.

நம்மில் பலருக்கு ஃப்ளாப் திறப்பது, அதாவது ஈறைக் கீறித் தூக்குவது என்றால் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்வது போன்ற ஒரு கூச்சம் இருக்கிறது. அதனால் பல்லை நெம்பும் எலிவேட்டரை வைத்து முட்டிக்கொண்டே இருந்துவிட்டு, ஈறு கந்தலாகி, மரத்துப்போன உணர்வு தெளியத் தொடங்கி, நம் மணிக்கட்டும் சோர்ந்த பிறகு கத்தியை எடுக்கிறோம். அந்த நேரத்தில் செய்யும் அறுவை சிகிச்சைதான் வீக்கத்தையும் வலியையும் தருகிறது. பிறகு பழி முழுவதும் அறுவை சிகிச்சையின் மேல் விழுகிறது. முதலிலேயே திட்டமிட்டு ஈறைத் திறந்து, பல்லை இரண்டாக்கி எடுப்பது இருபது நிமிட வேலை. நோயாளியின் தாடைக்கு அதுவே மென்மையான வழி. உங்களுக்கு எந்த வகுப்பு பொருந்தும் என்பதை இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்: ஊசி போடுவதற்கு முன்பே முடிவெடுக்கக் கற்றுத்தருகிறதா, அல்லது கத்தி பிடிக்க மட்டும் கற்றுத்தருகிறதா?

என்னிடம் பயில வருவோருக்கு நான் வைத்திருக்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு பல்லின் எக்ஸ்ரே இல்லாமல் அதன் மேல் ஃபோர்செப்ஸ் வைக்கக் கூடாது. படத்தில் வேர்கள் விரிந்தோ வளைந்தோ இருக்கின்றனவா, வேர்முனை தடித்து உருண்டிருக்கிறதா, வேரைச் சுற்றியுள்ள கருங்கோடு மறைந்து எலும்போடு ஒட்டியது போலத் தெரிகிறதா, வேர் சிகிச்சை செய்த பல்லா, சொத்தை ஈறுக்குக் கீழே இறங்கிவிட்டதா, அக்கம்பக்கத்துப் பற்கள் விழுந்து தனியே நிற்கும் மேல் கடைவாய்ப்பல்லாக இருந்து சைனஸ் என்னும் காற்றுக்குழி வேர்களுக்கிடையே இறங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். இவற்றில் இரண்டு இருந்தாலே தட்டில் கத்தியும், எலும்பையும் பல்லையும் அறுக்கும் சுழல்முனையான பர்ரும் முதலிலேயே வந்துவிட வேண்டும். ஒன்றும் இல்லையென்று சாதாரணமாகத் தொடங்கிய பல்லும் கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடத்துக்குள் அசையவில்லையென்றால் திட்டத்தை மாற்ற வேண்டும். பத்து என்பது வேதவாக்கு இல்லை. ஆனால் ஓர் எண்ணை முன்கூட்டியே வைத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது.

அந்த அம்மாவின் பல்லையே எடுத்துக்கொள்வோம். 15ஆம் எண் கத்தியால், இரண்டாம் முன்கடைவாய்ப்பல்லிலிருந்து இரண்டாம் கடைவாய்ப்பல் வரை ஈறு விளிம்பை ஒட்டியே எலும்பு தட்டும்வரை கீறுகிறோம். கீழ்நோக்கிய கீறல் இந்த இடத்தில் பெரும்பாலும் வேண்டியதில்லை. முன்கடைவாய்ப்பற்களின் வேர்முனையருகே உதட்டுக்குப் போகும் நரம்பு வெளிவருகிறது என்பதால், தெரியாமல் அங்கே கத்தியை இறக்குவதைவிட நீளவாட்டில் சிறிது கூடுதலாகத் திறப்பது நல்லது. ஈறைப் பிரித்துத் தூக்கும் பெரியாஸ்டியல் எலிவேட்டரின் குழிந்த பக்கம் எலும்பைப் பார்த்திருக்க, எலும்பின் உறையோடு சேர்த்து ஈறைத் தூக்கினால் வெள்ளையாக எலும்பு தெரியும். இரத்தம் கசியும் சிவந்த பரப்பு தெரிந்தால் நீங்கள் தவறான அடுக்கில் இருக்கிறீர்கள். கன்னப் பக்கத்து எலும்பில், வேர்கள் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். பிறகு ஃபிஷர் பர்ரால் அந்தப் பிரிவின் வழியாகக் கன்னப் பக்கத்திலிருந்து நாக்குப் பக்கத்தை நோக்கி முக்கால் பங்கு மட்டும் அறுத்து நிறுத்துங்கள். முழுவதும் அறுத்தால் பர் நாக்குப் பக்கத்து எலும்பைத் தாண்டும். அந்தப் பக்கம் நாக்கு நரம்பு போகிறது. மீதிக் கால் பங்கை நேரான எலிவேட்டரை வெட்டுக்குள் வைத்து மெல்லத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. எளிதாக அசையும் வேரை முதலில் எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் கிரையர் எலிவேட்டரை இறக்கி, இடையிலுள்ள எலும்போடு சேர்த்து மற்ற வேரை நெம்பிவிடலாம்.

இந்த இரண்டு பத்தி விஷயத்தையும் கை தானாகச் செய்யும்வரை பழக்கித்தரும் வகுப்பே உங்களுக்குத் தேவை. விளம்பரங்களில் பெரும்பாலும் ஞானப்பல்தான் இருக்கும், ஏனென்றால் படம் போட அதுதான் எடுப்பாக இருக்கிறது. உங்கள் கிளினிக்கில் ஒரு மாதத்தில் ஞானப்பல் எத்தனை, உடைந்த கடைவாய்ப்பல் எத்தனை என்று பழைய நோட்டைப் புரட்டி எண்ணிப் பாருங்கள். எதைக் கற்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும்.

கேரளத்து வகுப்பைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன். நோயாளிகளிடம் செய்து கற்பது மாதிரித் தாடையில் கற்பதைவிட மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் யாருடைய நோயாளி, யாருடைய பொறுப்பில் என்பது முதலில் தெரிய வேண்டும். சேர்வதற்கு முன் அமைப்பாளர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஏழாம் நாள் தையலை யார் பிரிப்பார்கள்? பயிற்சிக்கு வந்த மருத்துவர்கள் எல்லோரும் மூன்றாம் நாள் மாலையே பேருந்து ஏறிவிடுவார்கள். நான்காம் நாள் பல் எடுத்த குழி காய்ந்து காதுவரை வலி தெறிக்கும்போது அந்த நோயாளி யாரைத் தேடிப் போவார் என்பதற்குப் பெயரும் தொலைபேசி எண்ணுமாகப் பதில் வராவிட்டால், கட்டணத்தைக் கட்டாதீர்கள். இலவச முகாம் என்று அழைத்துவரப்பட்டவரிடம், செய்யப்போகிறவர் பயில வந்தவர் என்பதைச் சொல்லி ஒப்புதல் வாங்குகிறார்களா என்றும் கேளுங்கள். இன்னொன்று, நீங்கள் பதிவு செய்திருப்பது தமிழ்நாட்டுக் கவுன்சிலில். மலைக்கு அந்தப் பக்கம் நோயாளியைத் தொடுவது எந்தக் கல்லூரி அல்லது மருத்துவமனையின் பொறுப்பில் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். வகுப்பை ஒரு கல்லூரியே தன் வாய் அறுவை சிகிச்சைத் துறையில் நடத்துகிறது, ஒரு பயிற்றுநருக்கு மூன்று நான்கு பேருக்கு மேல் இல்லை, பல்லை அறுப்பது முதல் தையல் வரை நீங்களே செய்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போங்கள். ஒருவர் செய்ய இருபது பேர் சுற்றி நின்று செல்போனில் படம் பிடிப்பதற்குச் செய்முறைப் பயிற்சி என்று பெயர் சொல்ல முடியாது.

எந்த வகுப்பில் சேர்ந்தாலும் அதற்கு முன் வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. கறிக்கடையில் சொல்லிவைத்தால் ஆட்டுத் தலையிலிருந்து கீழ்த்தாடையைத் தனியே கழற்றித் தருவார்கள். ஆட்டின் கடைவாய்ப்பல் நெடுந்தூரம் தலைப்பகுதியாகவே எலும்புக்குள் இறங்கியிருக்கும் என்பதால் வேர்ப் பிரிவைக் கற்க அது உதவாது. ஈறைக் கிழியாமல் தூக்கவும், பர் எலும்பைத் தாண்டிப் பல்லில் படும்போது கைக்குத் தெரியும் வேறுபாட்டை உணரவும், தையல் போடவும் அது போதும். பன்றியின் பல் இன்னும் நெருக்கமானது. முகடுகளும் பிரிந்த வேர்களும் உண்டு. இடுக்கிப் பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை பன்றி இறைச்சிக் கடை போடுகிறவர்களிடம் கேட்டால் தாடை கிடைக்கும். குமுளியிலிருந்து உங்களிடம் வருவோரில் யாராவது ஒருவரே கொண்டுவந்து கொடுத்துவிடுவார். பத்துத் தாடைகள் முடித்துவிட்டு வகுப்புக்குப் போனால், மற்றவர்கள் கத்தியைப் பிடிக்கப் பழகும் நேரத்தில் நீங்கள் கேள்வி கேட்கத் தொடங்கியிருப்பீர்கள். இதற்கென்று, பர்ரைச் சுழற்றும் பழைய ஹேண்ட்பீஸ் ஒன்றையும் தனி பர்களையும் ஒதுக்கிவிடுங்கள்; அவை மறுபடியும் நோயாளியின் தட்டுக்கு வரக் கூடாது.

ஹேண்ட்பீஸ் என்றதும் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ஒரு நாள் நேர் ஹேண்ட்பீஸ் பழுதாகியிருந்தது. ‘சின்ன வேர்தானே’ என்று, பல் அடைப்பதற்குப் பயன்படுத்தும், காற்றழுத்தத்தில் சுழலும் ஏரோட்டரையே எடுத்து எலும்பை அறுத்தேன். சில நிமிடங்களில் அந்த இளைஞரின் கன்னம் கண்ணுக்குக் கீழ்வரை உப்பிவிட்டது. விரலை வைத்தால் தோலுக்கடியில் கல்லுப்பு நறநறப்பது போல இருந்தது. ஏரோட்டர் தன் காற்றை முன்புறமாகவே ஊதுகிறது. திறந்த ஈறுக்கு அடியில் அந்தக் காற்று புகுந்து, தசை இடைவெளிகளில் கழுத்துவரை, சில நேரம் மார்புவரைகூடப் பரவும். அவருக்குக் கன்னத்தோடு நின்று ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. அந்த ஒரு வாரமும் காலையும் மாலையும் அவர் வீட்டுக்குப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். ஆகவே எலும்புக்கு, மின்சாரத்தில் சுழலும் மைக்ரோமோட்டாரில் மாட்டிய, ஆட்டோகிளேவ் செய்யக்கூடிய நேர் ஹேண்ட்பீஸ் மட்டுமே. விலை உயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. உதவியாளர் பக்கத்தில் நின்று 20 மில்லி சிரிஞ்சில் ஸ்டெரைல் சலைனை பர்ரின் நுனியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதமடையத் தொடங்குகிறது என்று 1983இலேயே காட்டியிருக்கிறார்கள். சலைன் தீர்ந்துபோனால் பர்ரும் நிற்க வேண்டும் என்று உதவியாளருக்குச் சொல்லி வையுங்கள்.

ஞானப்பல்லை ஓராண்டுக்குத் தள்ளி வையுங்கள். கீழ்த்தாடையின் பின்பகுதி வெளிப்புறமாக விரிந்து போவதால், இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் கீறலை நேராக நீட்டினால் கத்தி எலும்பை விட்டு இறங்கி நாக்கு நரம்பைத் தொடலாம். கன்னப் பக்கமாகச் சாய்த்துத்தான் போக வேண்டும். தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே படத்தில் வேர்மேல் கருமை படர்வது, நரம்புக் குழாயின் வெள்ளைக் கோடு அறுபடுவது, குழாய் வளைந்து விலகுவது போன்ற ஏழு குறிகளை ரூட், ஷெஹாப் இருவரும் 1990இல் வகுத்துத் தந்தார்கள். அவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்தப் பல் உங்களுக்குரியதன்று. தேனிக்கோ மதுரைக்கோ கோட்டயத்துக்கோ அனுப்புங்கள். அனுப்பத் தெரிவதும் இந்தப் பயிற்சியில் சேர்ந்ததுதான்.

யாருக்குச் செய்யக் கூடாது என்பதையும் வகுப்பில் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு, உறைவதற்கு ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் சோதனை பார்க்காமல் தொடக் கூடாது. இதய நோயாளியின் ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தச் சொல்லவும் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கோ புற்றுநோய்க்கோ ஊசி போட்டுக்கொள்கிறவரா, தாடையில் கதிர்வீச்சு பெற்றவரா என்று கேட்டாக வேண்டும். தோட்டத்துப் பெண்களில் பாக்கும் புகையிலையும் மெல்பவர் அதிகம். வாய் இரண்டு விரல் அகலத்துக்கும் குறைவாகத் திறந்தால் அதையும் பெரிய இடத்துக்கு அனுப்பிவிடுங்கள். மரத்துப்போகும் ஊசியின் கணக்கு வேறு இருக்கிறது. அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெயினுக்குக் கிலோவுக்கு 7 மில்லிகிராம் என்பது உச்ச வரம்பு. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 15 மில்லியே எல்லை என்று ஆகிறது, நான் 10 மில்லியிலேயே நிறுத்திவிடுவேன். 30 மில்லி பாட்டிலிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் இடையிடையே ஏற்றிக்கொண்டிருந்தால் எத்தனை போயிற்று என்பது யாருக்கும் நினைவிருக்காது. எனவே, ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் உதவியாளர் எழுத வேண்டும்.

மூன்று நாள் போதுமா என்றால், போதாது. ஆனால் குறை நாள்களின் எண்ணிக்கையில் இல்லை. வகுப்பு முடிந்தபின் வரும் மூன்று மாதத்தில் என்ன செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. நம் ஊர்களில் விசிட்டிங் சர்ஜனைக் கிளினிக்குக்கு அழைக்கும் வழக்கம் இருக்கிறதல்லவா, அதைப் பயிற்சியாக மாற்றிக்கொள்ளுங்கள். மாதம் இரண்டு நாள் ஒரு வாய் அறுவை சிகிச்சை நிபுணரை அழைத்து, கடினமான பற்களை அந்த நாள்களுக்கு ஒதுக்கி, முதலில் நீங்கள் ஈறை விலக்கிவைக்கும் ரிட்ராக்டரைப் பிடியுங்கள். ஐந்தாறு பேருக்குப் பிறகு அவர் ரிட்ராக்டர் பிடிக்கட்டும், நீங்கள் அறுங்கள். நோயாளி உங்களுடையவர், தையல் பிரிப்பதும் நீங்கள், காய்ந்த குழியைக் கழுவி மருந்து வைப்பதும் நீங்கள். மூன்று நாள் வகுப்பின் கட்டணத்தில் இப்படிப் பல நாள்களை வாங்கிவிடலாம் என்பது என் கணக்கு. இரண்டையும் செய்ய முடியுமென்றால், மாதிரித் தாடை வகுப்பையும் விசிட்டிங் சர்ஜனையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் உங்கள் இரண்டாம் கேள்விக்கு என் பதில்.

தனியாகச் செய்யத் தொடங்கும்போது காலை நேரத்தையே ஒதுக்குங்கள். இரத்தம் நிற்காவிட்டால் மாலைக்குள் திரும்பி வர முடியும். மறுநாள் விடியற்காலை ஜீப்பில் மலையேற முடியாது, இரண்டு நாள் கூலி போகும் என்பதை நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவர் வேறு வாரம் கேட்டால் கொடுங்கள். ஒப்புதல் தாளைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து வைத்திருங்கள். என்றாவது வேர்முனையில் 4 மில்லிமீட்டர் நீளத் துண்டு மட்டும் ஆழத்தில் நின்று, சீழ் எதுவும் இல்லாமல், அதைத் தோண்டினால் நரம்போ சைனஸோ கெடும் என்ற நிலை வந்தால் விட்டுவிடலாம். அப்படி விட்டதை எக்ஸ்ரேயோடு குறித்துவைத்து, நோயாளிக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்ட வேரை அடுத்த மருத்துவர் படத்தில் பார்க்கும்போது அது தவறாகத்தான் தெரியும்.

தேனிக்கு அனுப்பிய அந்த அம்மாவிடம் அதன் பிறகு பேசினீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பேசவில்லையென்றால் இன்று மாலை ஜீப் இறங்கும் நேரத்தில் அழைத்துப் பேசுங்கள். இரண்டு வேரும் முழுதாக வந்தனவா, கீழுதடு மரத்திருக்கிறதா, வாய் பழையபடி திறக்கிறதா என்று கேளுங்கள். அங்கே எப்படி எடுத்தார்கள், எவ்வளவு நேரம் ஆயிற்று என்றும் கேட்டு அவருடைய நோட்டில் எழுதி வையுங்கள்.